மூன்று சொன்னால் நான்காவது மறுக்கலாகாது

எங்கள் முள்ளிக்கரையில் சாவுக்கு முன்னால் சவவண்டி வந்து நிற்கத் தொடங்கியது ஓர் ஆனி மாத வியாழக்கிழமை. அதற்கு வால்வெள்ளியோ சாபமோ காரணமில்லை. காரணம் ஒரு சட்டம், அதுவும் நல்ல சட்டம். எழுதியவள் நல்லவள், எழுதச் சொன்னவர்கள் நாங்கள். மாநகராட்சியின் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் இருபத்தாறு வருடமாக எழுத்தராக இருக்கிறேன். இந்த ஊரில் யார் எப்போது வந்தார்கள், யார் எப்போது போனார்கள் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் எமனும் சித்திரகுப்தனும்தான் என்று கிண்டல் செய்வார்கள். அதனால் இதைச் சொல்லும் கடமையும் என் தலையில் விழுந்திருக்கிறது.

ஊரை நவீன நகரமாக்குகிறோம் என்று ஐந்து வருடத்துக்கு முன்பு மேலிடத்திலிருந்து சாமான்கள் வந்து இறங்கின. தானே திறந்து தானே மூடும் குழாய் வால்வு ஒரு கம்பெனி, தெருவிளக்கு இன்னொரு கம்பெனி, சிக்னல் மூன்றாவது கம்பெனி, மாநகராட்சி வண்டிகளுக்குப் பாதை சொல்லும் பெட்டி நான்காவது, என் மேசைமேல் இருந்த பதிவேட்டுக் கணினி ஐந்தாவது. ஐந்தும் ஐந்து பாஷை பேசின, ஒன்று வடக்கே இழுத்தால் மற்றொன்று தெற்கே இழுத்தது. பட்டப்பகலில் விளக்கு எரிந்தது, நட்டநடு மழையில் ரோட்டுக்குத் தண்ணீர் தெளிக்கும் லாரி போனது, நாங்களும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். பிறகு ஒருநாள் மேலரத வீதி அரிசி ஆலையில் தீப்பிடித்தது. தீயணைப்பு வண்டி யாரென்று சிக்னலுக்குத் தெரியாததால் அது சிவப்பு விளக்கில் பதினோரு நிமிடம் நின்றது. மூன்று பேர் உள்ளேயே வெந்து போனார்கள். அவர்கள் பெயரை நான்தான் பதிந்தேன்.

அதற்கப்புறம்தான் எல்லா எந்திரங்களும் ஒரே பாஷை பேச ஒரு சட்டம் வேண்டும் என்று ஊர் கூடிக் கேட்டது. அந்த வேலை உதவிப் பொறியாளர் மங்கையர்க்கரசியிடம் வந்தது. எங்கள் தெருக்காரி, நாற்பத்துமூன்று வயது, குழந்தை இல்லை, புருஷன் தளவாய் அரசுப் பள்ளியில் விளையாட்டு வாத்தியார். பதினெட்டு மாதம் மங்கை அந்த விதிகளை எழுதினாள். கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்த தடித்த புத்தகங்களை ஒதுக்கிவிட்டு, துப்புரவுக்காரர், லைன்மேன், வண்டி ஓட்டுநர், வால்வு திறக்கிறவர் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்காரவைத்து, “நீங்க நெசமா என்ன செய்யுதிய, அதச் சொல்லுங்க” என்று கேட்டு எழுதினாள்.

அப்படித்தான் சாவும் சட்டத்துக்குள் வந்தது. எங்கள் ஊரில் எட்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். ஆனால் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், குளமும் கிணறும் வற்றிய ஊரில் உடலைக் குளிப்பாட்டும் நீர்மாலை எடுக்க வேறு வழி இல்லாததால், வால்வு திறக்கும் சங்கரபாண்டி யாரையும் கேட்காமல் அந்தத் தெருவுக்குத் தண்ணீரைத் திறந்துவிடுவார், உடலை எடுக்கும்வரை மூடமாட்டார். வெளியூர்ச் சனம் வீட்டை அடையாளம் காண, லைன்மேன் அந்த வாசல் கம்பத்து விளக்கைப் பகலிலும் எரியவிடுவார். வண்டி வரும். நான் பதிவேட்டில் எழுதுவேன். தண்ணீர், விளக்கு, வண்டி, பதிவேடு. இந்த நான்கையும் மங்கை அட்டவணையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ‘இறப்பு’ என்று தலைப்புப் போட்டாள். எது முந்தி, எது பிந்தி என்று எழுதவில்லை. மனுஷன் செத்த பிறகுதான் வண்டி வரும் என்பதை யாராவது எழுதிவைப்பார்களா?

இரண்டு பிரிவுகளை மட்டும் அவள் அரிசி ஆலையை நினைத்து எழுதினாள். பிரிவு ஒன்பது: கேட்டதற்குப் பதில் சொல்லாத எந்திரம் ஒத்துக்கொண்டதாகக் கொள்ளப்படும். பிரிவு பதினான்கு: மூன்று எந்திரங்கள் ஒன்றைச் சொன்னால் நான்காவது மறுக்கலாகாது. மாமன்றம் கைதட்டி நிறைவேற்றியது. மறுநாள் தீயணைப்பு வண்டியைச் சும்மா ஓட்டிப் பார்த்தார்கள். ஊரின் எல்லா சிக்னலும் பச்சையாக அதற்கு வழிவிட, தெருவில் நின்ற நாங்கள் அழுதுவிட்டோம்.

நான் சொன்ன அந்த வியாழக்கிழமை காலை, வடக்கு ஊருணித் தெருவில் தாசையா கம்பவுண்டர் வீட்டில் முறையில்லாத நாளில் தண்ணீர் வந்தது, வாசல் விளக்கு வெயிலில் எரிந்தது, பதினொரு மணிக்கு எல்லா சிக்னலையும் பச்சையாகக் கடந்து வண்டி வந்து வாசலில் நின்றது. வீட்டில் யாரும் சாகவில்லை. கம்பவுண்டர் சிரித்து, ஓட்டுநருக்கு டம்ளரில் காப்பி கொடுத்து, “கொஞ்சம் முந்தி வந்துட்டியடே” என்றார். தெருவே சிரித்தது. மதியம் இரண்டு மணிக்கு, தினமும் என் கணினி மற்ற மூன்றையும் கேட்டுச் சரிபார்க்கும் நேரத்தில், நான் தொடாமலே பதிவேட்டில் அவர் பெயர் ஏறியது. இறந்த நேரம் நான்கு பத்து என்று இருந்தது. அழிக்கப் பார்த்தேன், பிரிவு பதினான்கு என்று ஒரே வரி வந்தது. நான்கு பத்துக்குக் கம்பவுண்டர் நாற்காலியில் சாய்ந்தார். வண்டிக்கு அவ்வளவு நேரம் காத்திருந்த வேலை முடிந்தது.

ஏன் அவர், யார் முதலில் சொன்னது என்று கேட்டுப் பார்த்தார்கள். விளக்கு, வண்டி கிளம்பியதால் எரிந்தேன் என்றது. வண்டி, தண்ணீர் வந்ததால் வந்தேன் என்றது. தண்ணீர், விளக்கைக் கைகாட்டியது. கம்பெனிக்காரர்கள் எல்லாம் விதிப்படியே நடந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். அதில் பொய் இல்லை.

நான்காவது சாவுக்குள் ஊருக்குப் பழகிவிட்டது. மனுஷன் எதற்கும் பழகுவான் என்று சொல்வார்கள், ஆனால் இவ்வளவு சீக்கிரம் பழகுவான் என்று எனக்குத் தெரியாது. விளக்கு எரிந்த வீட்டுக்குச் சென்னையிலிருந்தும் துபாயிலிருந்தும் பிள்ளைகள் போனில் முகம் காட்டினார்கள், பேசாமல் இருந்த அண்ணன் தம்பிகள் பேசினார்கள், போகிறவருக்குப் பிடித்த அயிரமீன் குழம்பு கொதித்தது, போகிறவரே பக்கத்தில் உட்கார்ந்து உப்புப் பார்த்தார். ஒரு வீட்டில் நான்கு பேர் இருந்தால் இரண்டு மணிவரை நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள், அது ஒன்றுதான் சங்கடம் என்று பேசிக்கொண்டோம். ஓடிப் பார்த்தவர்களும் உண்டு. ஜவுளிக்கடை முத்தையா மதுரை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். வண்டி மரியாதையாகப் பஸ்ஸின் பின்னாலேயே போனது, இரண்டுக்கும் சிக்னல் பச்சை விழுந்தது, விருதுநகர் தாண்டுவதற்குள் வண்டியின் தேவை வந்துவிட்டது.

தண்ணீர்தான் எங்களைக் கெடுத்தது, இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. முதல் இரண்டு சாவில் அந்தத் தண்ணீரைப் பிடிக்க யாருக்கும் கை வரவில்லை. மூன்றாவதில், வீணாகப் போகிறதே என்று இரண்டு பேர் குடம் வைத்தார்கள். ஆறாவதில் தெருவே குடம் வைத்தது. பத்தாவதில், குழாயில் சத்தம் கேட்டால் முதலில் குடங்களை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டு, எல்லாம் நிறைந்தபிறகு, “யாரு வீடு?” என்று கேட்கும் வழக்கம் வந்தது. தெற்குத் தெரு கவுன்சிலர் என் ஆபீசுக்கே வந்து, “எங்க பக்கம் மூணு மாசமா ஒண்ணுமே நடக்கலியே, ஏதும் விட்டுப்போச்சா?” என்று விசாரித்தார். அவர் தெருவில் வயசாளிகள் வெளியே உட்காருவதை நிறுத்திவிட்டார்கள்.

மங்கை ஒவ்வொரு சாவுக்கும் போனாள். போய் ஒரு மூலையில் நிற்பாள், யாரும் அவளைத் திட்டமாட்டார்கள், அதுவே அவளை வதைத்தது. அவள் ஒரு வரியில் ஒரு திருத்தம் எழுதினாள்: ‘இறப்பு முதலில் பதிவேட்டில் ஏற வேண்டும், மற்ற மூன்றும் அதன் பிறகே.’ அவ்வளவுதான். மாமன்றத்தில் அதை வாசித்தபோது நான் பின்வரிசையில் இருந்தேன். ஆணையர் எழுந்து, விதிகளில் ஓர் எழுத்தை மாற்றினாலும் ஐந்து கம்பெனிகளிடமும் மறுபடி சான்று வாங்க வேண்டும், நம்முடைய விதிகளைப் பன்னிரண்டு மாநகராட்சிகள் அப்படியே எடுத்துக்கொள்ளப் போகின்றன, இந்த நேரத்திலா என்றார்.

கவுன்சிலர் ஒருவர் எழுந்தார். “யம்மா, சாவு எப்பவும் இருந்ததுதான. இப்ப தண்ணியாவது வருது. அதப் போயி நிறுத்தச் சொல்லுதியளே.”

சிரிப்பு வந்தது. கெட்ட சிரிப்பு இல்லை, வீட்டில் சிரிக்கிற சிரிப்புதான். திருத்தம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளப்பட்டது, அதற்கடுத்த கூட்டத்துக்கும் தள்ளப்பட்டது.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு எங்கள் தெருவில் தண்ணீர் வந்தது. எரிந்த விளக்கு மங்கை வீட்டு விளக்கு. நான் ஆபீசில் இருந்தேன்; நடந்ததை என் மனைவி செண்பகம் சொல்லியும், மற்றவர்கள் சொல்லியும், கடைசிப் பங்கு நானே செய்தும் எனக்குத் தெரியும்.

அன்று காலை இருவரும் அனுமதி போட்டிருந்தார்கள். வண்டி வந்து நின்றபோது தளவாய் பள்ளிக்கூடம் கிளம்பி, கழுத்தில் விசிலோடு செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். வண்டியைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், மங்கையைப் பார்த்தார். “ரெண்டு பேருல ஒருத்தர்” என்றார். அடுத்து ஒரு கல்லை எடுத்து, கிரிக்கெட்டில் ஸ்டம்பை அடிக்கிற வாத்தியார் ஆயிற்றே, ஒரே எறியில் விளக்கை உடைத்தார்.

“அது ஆகாதுங்க” என்றாள் மங்கை. “பேசாம போனா ஒத்துக்கிட்டதா அர்த்தம். நாந்தான எழுதுனேன்.”

“அப்ப வண்டிய விரட்டுவோம்.”

ஓட்டுநர் கையெடுத்துக் கும்பிட்டார். “சார், நானே கேட்டுப் பாத்துட்டேன். ஆள ஏத்தாம வண்டி திரும்ப மாட்டேங்கு.”

தன் வாசலில் விளக்கு எரிந்தபோதுதான் மங்கைக்கு அது தோன்றியது. அதற்கு முன் முப்பத்தோரு வீடுகளில் நின்றவளுக்குத் தோன்றவில்லை, அவளே பின்னால் அதைச் சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள். நான்கில் ஒன்று இல்லை என்று சொன்னால் போதும். விளக்கும் வண்டியும் சொல்லமாட்டா. ஆனால் தெரு முனையில், புது வால்வுக்குப் பக்கத்தில், பழைய கை வால்வு மூடாமல் குழிக்குள் இருக்கிறது. அதைக் கையால் அடைத்தால் குழாய் காயும், தண்ணீர் எந்திரம் ‘இங்கே இல்லை’ என்று சொல்லித்தான் ஆக வேண்டும். இரண்டு மணிக்குள் அடைத்துவிட்டால், சொன்னது இரண்டே எந்திரம் என்றாகும். பதிவேடு சும்மா இருக்கும்.

சங்கரபாண்டி நீளச் சாவிக்கம்பியோடு சைக்கிளில் வந்து சேரும்போது மணி பன்னிரண்டரை. குழியைச் சுற்றிக் குடம். அதிலிருந்து தெருக்கோடிவரை குடம், வாளி, டிரம், குழந்தை குளிக்கிற பிளாஸ்டிக் தொட்டி. தெருவுக்குத் தண்ணீர் வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. மங்கை நடுவில் நின்று விஷயத்தைச் சொன்னாள். எல்லோரும் கேட்டார்கள். முடியாது என்று ஒருத்திகூடச் சொல்லவில்லை. ஐயோ சாருக்கா ஒனக்கா, தங்கமான சனமாச்சே, மகராசி நீ நல்லா இருக்கணும், அடைச்சிருங்க அடைச்சிருங்க என்றார்கள், சொல்லிக்கொண்டே அடுத்த குடத்தைக் குழாய்க்கு நகர்த்தினார்கள். “இந்தா, இந்த ரெண்டு குடம் மட்டும்.” “எனக்கு ஒண்ணே ஒண்ணு தாயி, கைப்புள்ள வீடு.”

“அண்ணாச்சி, நீங்க அடைங்க” என்றாள் மங்கை.

சங்கரபாண்டி சாவியை ஊன்றிக்கொண்டு நின்றார். “யம்மா, நாப்பது வருசத்துல துக்க வீட்டுத் தண்ணிய நான் மறிச்சதில்ல. குடத்தோட பொம்பளையாளுக நிக்கும்போது எப்படிம்மா... அவுக புடிச்சு முடிக்கட்டும், ஒரே நிமிசம்.”

அப்போது தளவாய் விசில் ஊதினார். பள்ளிக்கூட மைதானத்தில் ஊதுவது மாதிரியே ஊதி, பெண்களை இரண்டு வரிசையாக நிறுத்தி, சின்னக் குடம் முன்னால், பெரியது பின்னால் என்று பிரித்து, நிறைந்ததைத் தானே தூக்கி வாசல் வாசலாகக் கொண்டுபோய் வைத்தார். சண்டை நின்றது, சிந்துவது நின்றது. தெருவே வேலை செய்தது. தன் உயிருக்காக அந்த மனுஷன் அப்படிக் குடம் சுமந்தார். ஒன்றே முக்காலுக்குத் தெருவில் காலிக் குடம் ஒன்றுகூட இல்லை. மங்கை முதல்முறையாக அழுதாள், சந்தோஷத்தில்.

ஒரு மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு மோட்டார், மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றுவது. செண்பகம் எனக்குப் போன் செய்தாள், ஈரக் கையால் பிடிக்க முடியாமல் ஸ்பீக்கரில் போட்டுத் திண்டில் வைத்துவிட்டுப் பேசினாள்.

“ஏங்க, எல்லாரும் நிறுத்திட்டாவ. நம்ம தொட்டி முக்கால்தான் ஆயிருக்கு. அடைக்கணுமாம், மங்கை வந்து நிக்கா. நிறுத்திரட்டுமா?”

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்று நாற்பத்தெட்டு. பன்னிரண்டு நிமிடம் இருந்தது. தொட்டி நிறைய ஆறு நிமிடம், அடைக்க ஒரு நிமிடம், போக ஐந்து நிமிடம் மிச்சம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். எனக்குத் தளவாய்மேல் ஒரு மனத்தாங்கலும் இல்லை. போன மாதம்தான் என் மகளுக்கு ஓட்டப்பந்தயத்துக்குச் சொல்லிக் கொடுத்தார்.

“நேரம் கிடக்கு. நெறையட்டும்” என்றேன்.

அந்த வால்வை அடைக்க எத்தனை சுற்று என்று நான் கேட்கவில்லை. இருபத்துநான்கு சுற்று. அதுவும் துருப்பிடித்துப் பல வருடம் அசையாதது, ஒவ்வொரு சுற்றுக்கும் சங்கரபாண்டியும் தளவாயும் சேர்ந்து தொங்க வேண்டியிருந்தது. ஒன்று ஐம்பத்துநான்குக்கு எங்கள் மோட்டார் நின்றது. இரண்டு மணிக்கு அவர்கள் பதினான்காவது சுற்றில் இருந்தார்கள். என் கணினி மற்ற மூன்றையும் கேட்டது. குழாயில் விரல் தடிமனுக்கு இன்னும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பதிவேட்டில் தளவாய் பெயர் ஏறியது, நான்கு நாற்பது. இரண்டு ஐந்துக்கு வால்வு முழுக்க அடைந்து, தெருவில் வாழ்த்துச் சத்தம் எழுந்ததாகச் செண்பகம் சொன்னாள். அவர்களுக்குத் தெரியாது. போன் செய்து சொல்ல வேண்டியவன் நான், இரண்டு முறை எண்ணை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். மூன்றாவது முறை மங்கையே கூப்பிட்டாள். நான் ஒன்றும் பேசவில்லை. எங்கள் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

நான் போய்ச் சேரும்போது ஐந்தரை ஆகிவிட்டது. தளவாயைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள், கழுத்தில் விசில் இருந்தது, உள்ளங்கை இரண்டும் சாவிக்கம்பி பட்டுக் கொப்பளித்திருந்தன. அவரைக் குளிப்பாட்ட வேண்டும், வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. காலையிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் தெருவுக்கே தண்ணீர் பிடித்துக் கொடுத்துவிட்டு, தங்கள் வீட்டுக்கு ஒரு குடம்கூடப் பிடிக்கவில்லை. வால்வை மறுபடி திறக்க சங்கரபாண்டியால் முடியவில்லை, அது இறுகிப்போய்விட்டது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். செண்பகம்தான் எழுந்து வீட்டுக்குப் போய், மாடித் தொட்டியிலிருந்து இரண்டு குடம் நிறைத்து, தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக வந்து மங்கை முன்னால் இறக்கினாள்.

மங்கை அந்தத் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் கூட்டத்தில் மூன்றாவது ஆளாக நின்றிருந்தேன், ஆனாலும் சரியாக என்னைத்தான் பார்த்தாள்.

“தொட்டி நெறஞ்சிட்டா அண்ணே?” என்று கேட்டாள். கோபமே இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல் கேட்டாள்.

செண்பகம் தரையைப் பார்த்துக்கொண்டு, “நெறஞ்சிட்டும்மா” என்றாள்.

மங்கை தலையை ஆட்டினாள், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் குடத்தைத் தூக்கினாள். இரண்டு குடமும் போதவில்லை, செண்பகம் இன்னும் இரண்டு கொண்டுவந்தாள். மீதி இருந்த தண்ணீர் எங்களுக்கு எட்டு நாள் வந்தது.